விலங்கு போட்ட புல்வெட்டி

பீர்மேட்டுப் பக்கம் நான் ஸ்டோர் கிளார்க்காக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவுக்கு யாராவது விருந்தாளி வந்தால் முதலில் வெளியே வருவது தேநீர் அல்ல, செங்கல். பங்களாவின் முன்னால் இருந்த புல்தரை அவ்வளவு சரிவு. பட்லர் நாற்காலிகளைப் போட்டு, கீழ்ப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, தானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விருந்தாளிகளை அழைப்பார். உட்கார்ந்தவர்கள் பேச்சு சுவாரசியத்தில் நாற்காலியை நகர்த்தக் கூடாது. ஒருமுறை பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தவர், சிரிப்பு முடிவதற்குள் ரோஜாச் செடிக்குப் போய்விட்டார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வெள்ளைக்காரத் துரைகள் எல்லாரும் கப்பல் ஏறி வெகு நாளாகியிருந்தது. எங்கள் துரை மதராஸில் பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் துரைதான். அவருக்கு அந்தப் புல்தரை ஒரு மனக்குறை. மலை முழுக்கச் சரிவாக இருக்கும்போது முற்றம் மட்டும் எப்படிச் சமமாக இருக்கும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. எனக்கு எங்கேயுமே இல்லை.

நான் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளிக்காரன். எங்கள் ஊரில் தரை சாய்ந்திருந்தால் அது வரப்பு என்று அர்த்தம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஒரு உறவுக்காரர் மூலமாக இந்த வேலை கிடைத்து மலைக்கு வந்தேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டி வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோர் வேலை அதற்குத் தோதாக இருந்தது. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை.

புல்தரையை அதுவரை வெட்டிக்கொண்டிருந்தது ஓர் அக்கா. தோட்டத்தில் எல்லாருக்குமே அவள் அக்காதான். நாற்பது தாண்டியவள். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது முழங்கால் மடங்காது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் 'லைட் வேலை' என்று சொல்லி அனுப்பினார்கள். தேயிலைத் தோட்டத்தில் லைட் வேலை எங்கே இருக்கிறது? தேடித் தேடிக் கடைசியில் பங்களாப் புல் அகப்பட்டது. அவள் சரிவில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து அரிவாளால் அரிந்துகொண்டே நகருவாள். மடங்காத கால் கீழ்ப்பக்கம் நீண்டிருக்கும். அந்த முற்றத்தில் செங்கல் இல்லாமல் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் வீடு. பேரை வெட்டினால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவளுக்குக் கட்டினவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தென்காசிப் பக்கம் பூர்வீகம் என்பாள். அங்கே போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய தகப்பனார் பிறந்ததே இந்த லயத்தில்தான்.

துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரை வீட்டுக்குத் தேநீருக்குப் போய்விட்டு வந்தார். அவர்களிடம் புல் வெட்டுகிற மிஷின் இருந்ததாம். பெட்ரோலில் ஓடுமாம். அங்கே பங்களா குன்றின் உச்சியில் இருந்தது, புல்தரை கேரம் பலகை மாதிரி இருக்கும். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஸ்டோர், நீ கோட்டயம் போ. நம்ம ஸ்லோப்புக்கு ஏத்த மாதிரி ஒரு லான்மூவர் நல்லா பாத்து வாங்கிட்டு வா. உனக்குத்தான் மலையாளம் தெரியுமே."

"சரிங்க."

"ஒரே ஆள் ஓட்டணும். கார்டன்காரன் ஒருத்தன் போதும். அந்தப் பொம்பளை கொழுந்துக்குப் போகட்டும்."

அவளால் மேடு ஏற முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கும் "சரிங்க" என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் எலப்புள்ளிதான். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் குளிரில் அவளிடம் பேச்சுக்கொடுக்க வருகிற ஒரே ஆள் அந்த அக்கா.

"ஏனுங்க, புல்லு வெட்டறதுக்கு மிசினுங்களா?"

"ஆமா."

"வெட்டி?"

"வெட்டி என்ன, வெட்டறதுதான்."

"மாட்டுக்குப் போடறதுக்கில்லீங்களா?"

"துரைகிட்ட ஏது மாடு?"

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "பேசாம ஒரு மாட்டெ வாங்கிக் கட்டுனா அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போவுது. பெட்ரோலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மிசினு வாங்கச் சொல்றதுக்குத்தான் உங்க தொரெ பட்டணத்துல படிச்சாருங்களா?"

"மெல்லப் பேசு."

"அந்த அக்காளுக்கு அப்பறம் என்ன வேலைங்க?"

நான் கோட்டயம் போகிற பையை எடுத்து உதறினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "நீங்கதான பாத்து வாங்கறீங்க? ஆகாத மிசினா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வந்துருங்க. ரெண்டு நாளு ஓடிட்டுப் படுத்துக்கட்டும். அந்தக்காளெ ஊட்டெ உட்டு வெளிய உட்டராதீங்க."

யோசனை நல்ல யோசனைதான். கோட்டயம் பஸ்ஸில் அத்தனை வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கெட்டுப்போகிற சாமானாகப் பார்த்து வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொந்த வீட்டுக்கு வாங்கும்போது அது தானாகவே அமைந்துவிடும். வேண்டும் என்று தேடினால்தான் கிடைக்காது.

கடை பெரிய கடை. மருந்தடிக்கும் பம்பு, கவாத்துக் கத்தி, ரப்பர் பூட்ஸ் என்று தோட்டங்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. நான் வாசலில் நின்று, மற்ற எல்லாரும் வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். கடைக்காரர் உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. வேறு யாரும் மிச்சமில்லை என்று ஆனதும்தான் என் பக்கம் திரும்பினார்.

"எந்தா வேண்டது?"

சொன்னேன். மூன்று வகை காட்டினார். ஒன்று கையால் தள்ளுவது. பெட்ரோல் கிடையாது. உருளை மாதிரி கத்திகள் சுற்றும். நாங்கள் இருந்த சரிவில் அதை மேல்நோக்கித் தள்ளுகிற ஆளுக்கு மறுநாளே லைட் வேலை எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்குப் பெரிய மிஷின், இரும்பு உருளையும் என்ஜினுமாக. அது கை தப்பினால் நேரே லயத்தில்தான் போய் நிற்கும். மூன்றாவது சின்னது. நாலு சிறிய சக்கரம், மேலே என்ஜின், அடியில் விசிறி மாதிரி ஒற்றைத் தகடு.

"செரிவு எத்ரயுண்டு?" என்று கேட்டார். சரிவு எவ்வளவு என்கிறார்.

எவ்வளவு என்று சொல்ல எனக்குக் கணக்குத் தெரியாது. வலது கையை நீட்டிக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார். உண்மைக்கு அது போதாது என்று தோன்றியது, இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். டாக்டர் ரோஜாச் செடிக்குப் போனது ஞாபகம் வந்தது. இன்னும் சாய்த்தேன்.

"இது முற்றமாணோ, மேல்க்கூரயாணோ?" என்றார் அவர். முற்றமா, வீட்டுக் கூரையா என்று.

"முற்றம்தான்."

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டேன். இந்த மூன்றில் சீக்கிரம் கெட்டுப்போவது எது என்று.

அவர் முகம் மாறிவிட்டது. "கேடாகுன்ன சாதனம் ஞங்ஙள் வில்க்காறில்ல" என்றார். கெட்டுப்போகிற சாமானை அவர்கள் விற்பதில்லையாம். அதை நிரூபிக்க மூன்றாவது மிஷினை அங்கேயே கிளப்பிக் காட்டினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. நிறுத்தினார், இழுத்தார், மறுபடியும் ஒரே இழுப்பு. என் வாழ்நாளில் ஒரு மிஷின் நன்றாக ஓடியதைப் பார்த்து அவ்வளவு வருத்தப்பட்டது அன்றுதான். உள்ளதற்குள் இலேசானது என்று சொல்லி அதையே வாங்கினேன். சர்வீஸுக்கு அவரே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். நான் கேட்ட கேள்வி அவரை அவ்வளவு உறுத்தியிருந்தது.

பில் போட்டுக் கொடுத்துவிட்டு விரலை உயர்த்தி ஒரு விஷயம் சொன்னார்: "செரிவில் விலங்ஙனெயே ஓடிக்காவூ. நேரெ தாழோட்டு விட்டால் இதங்ஙு போகும்."

சரிவில் குறுக்காக மட்டுமே ஓட்ட வேண்டும், நேராகக் கீழே விட்டால் அது போய்விடும் என்று அர்த்தம். மலையாளத்தில் குறுக்காக என்பதற்கு விலங்ஙனெ என்பார்கள். எங்கள் வீட்டிலேயே அந்தச் சொல் உண்டு. 'கட்டிலை வெலங்கப் போடு' என்று என் அம்மா சொல்லுவாள். அது மலையாளமா தமிழா என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே அப்படி யோசிக்க ஆரம்பித்தால் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாது.

அந்தச் சொல்லைத்தான் மறுநாள் மாலை கார்டன்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் அக்காவைப் போலவே தென்காசி வழி வந்தவர், தோட்டத்திலேயே பிறந்தவர், கொஞ்சம் காது மந்தம். தனக்கு அது கிடையாது என்று சொல்லிக்கொள்வார். மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, புதுப்பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்படி ஓட்டணும்னு கடக்காரன் சொன்னானா, ஸ்டோரய்யா?"

"சரிவுல வெலங்கத்தான் ஓட்டோணும்னு சொன்னாருங்க."

"வெலங்கா?"

"ஆமாங்க. வெலங்க. இல்லீன்னா பாஞ்சுருமாமா."

"அது சரி. பாயத்தான செய்யும்" என்றார். முகத்தில் மரியாதை வந்திருந்தது. சற்று நேரம் கழித்து ஸ்டோருக்கு வந்தார். "மிஷினுக்கு ஒரு சங்கிலி வேணும், ஸ்டோரய்யா. நல்ல கெட்டியா." புது மிஷின், திருட்டுப் போகாமல் கட்டி வைக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். பழைய லாரிச் சங்கிலி ஒன்று மூலையில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கவேண்டியதில்லாத வேலை என்றுதான் அந்த வேலையே எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை பங்களாவிலிருந்து ஆள் வந்தது. மிஷினை ஓட்டப்போகிறார்கள், வாங்கி வந்த நானும் நிற்க வேண்டும் என்று துரை சொன்னாராம். போய்ப் பார்த்தேன். புல்தரையின் மேல் விளிம்பில் ஒரு சில்வர் ஓக் மரம். மரத்தைச் சுற்றிச் சங்கிலி இரண்டு சுற்று போயிருந்தது. சங்கிலியின் ஒரு முனை மிஷினின் அடிச்சட்டத்தில் முறுக்கிக் கட்டியிருந்தது. மறுமுனை, பிடிக்க ஆள் வேண்டும் என்று கார்டன்காரர் கூட்டிவந்திருந்த அக்காவின் கையில். அவள் காலித் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இது என்ன?" என்று வராந்தாவிலிருந்து துரை கேட்டார்.

"வெலங்கு தொரை" என்றார் கார்டன்காரர். "கோட்டயத்துல வெலங்கு போட்டுத்தான் ஓட்டணும்னு சொல்லிவிட்டிருக்கான். இல்லாட்டிப் பாஞ்சிரும். ஸ்டோரய்யாதான் கேட்டுட்டு வந்தாவ."

துரை என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். குறுக்காக என்றுதான் அர்த்தம், காலில் போடுகிற விலங்கு அல்ல என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் கார்டன்காரர் என்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்துவிட்டார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் நான் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

எப்படி ஓட்டக் கூடாது என்று கடைக்காரர் சொன்னாரோ அப்படியே ஓட்டினார். மேலிருந்து நேராகக் கீழே. அக்கா சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தாள். மிஷின் கோயில் தேர் இறங்குவதைப் போல இறங்கியது. அடியில் போனதும் கார்டன்காரர் திருப்பி மேலே தள்ள, அவள் தளர்ந்த சங்கிலியை மரத்தைச் சுற்றி இழுத்து வாங்கிக்கொண்டாள். எங்கேயும் பாயவில்லை. வெட்டுப்பட்ட புல் பச்சைக் கோடுகளாக, தலை வாரியதைப் போல வந்தது. துரை வராந்தாவை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"பேஷ். சேஃப்டி. இதான் அந்தப் பக்கத்துத் தோட்டத்துல இல்லை. அவன் சும்மா வெறுமனே ஓட்டறான்."

ஒரே ஆள் ஓட்டுகிற மிஷின் என்று வாங்கி வந்ததற்கு ஓட்ட ஓர் ஆள், பிடிக்க ஓர் ஆள். ஒதுங்கி விழுந்த புல்லை வாரிக் கொட்ட மூன்றாவதாக ஓர் ஆளைத் துரையே அன்று மதியம் அனுப்பிவைத்தார். லான்மூவர் என்ற அதன் பெயரிலேயே மூவர் இருக்கிறார்களே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நான் படித்த வரைக்கும் தமிழில் மூவர் என்றால் மூன்று பேர்தான். வெள்ளைக்காரன் கணக்குப் பார்த்துத்தான் பெயர் வைத்திருப்பான்.

அன்று மாலை கார்டன்காரரைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார், விலங்க என்றால் குறுக்கே என்று. அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"குறுக்கன்னா குறுக்கன்னு சொல்லியிருக்க வேண்டியதுதான? குறுக்க ஓட்டுதுக்கு என்ன, நாளைக்கே ஓட்டுவேன்."

"அதுதானுங்க..."

"ஒரு ஆளு போதும். ரெண்டாவது ஆளு எதுக்கு?"

"ஆமாங்க."

"அப்பம் அவ எங்க போவா?"

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்றார் அவர். "ஆனா நீங்க இப்பம் சொன்னது கேக்கல. நீங்களும் சத்தமாச் சொல்லீராதிய."

சத்தமாகச் சொல்வது என்பது என்னால் ஆகாத காரியம் என்று அவருக்குத் தெரியும்.

மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. அக்காவை லயத்தில் 'வெலங்குக்காரி' என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "என்ன வெலங்குக்காரி, இன்னிக்கு எத்தனை கைதியப் பிடிச்ச?" என்று கேட்பார்கள். "ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் பெட்ரோலு குடிச்சிட்டுக் கெடக்கு" என்பாள். வெட்டிய புல்லை அவள் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். மாடு மோந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் வாடைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதாம். என் மனைவிக்கு இதில் அளவில்லாத திருப்தி. "மாட்டுக்குத் தெரியுது பாருங்க" என்றாள்.

மழை விட்டதும் துரைக்கு யோசனை வந்தது. வெயில் காலத்தில் ஆட்கணக்கு பார்க்கிற வழக்கம் அவருக்கு உண்டு. ஒருநாள் ஸ்டோருக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"கார்டன்காரனுக்கு இப்ப நல்லா பழக்கம் ஆயிருக்கும் இல்ல? இன்னும் அந்த வெலங்கு வேணுமா?"

நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

"சரி, கம்பெனிக்காரன் சர்வீஸுக்கு வரான் இல்ல, அவன்கிட்டயே கேட்டுடலாம். வேண்டாம்னு சொன்னா அவளை அனுப்பிடலாம். நீ இருந்து மொழிபெயர்த்துச் சொல்லு."

மனைவியிடம் சொன்னேன். "நீங்க வேணும்னே மாத்திச் சொல்லீருங்க" என்றாள். எனக்கு மாற்றிச் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லவே வராதவன் இல்லாததை எங்கே போய்ச் சொல்வது? அக்காவுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கடைக்காரர் வருகிற அன்று அவள் துவைத்த சேலை உடுத்தி, எல்லாருக்கும் முன்னால் வந்து தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சங்கிலியை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி, எண்ணெய்க் குவளை. புல்தரையைப் பார்த்ததும் முதலில் என் பக்கம் திரும்பித் தன் கையை நீட்டி, நான் கடையில் காட்டியதைப் போலச் சாய்த்துக் காட்டினார். நான் சொன்னது பொய் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு மரத்தையும் சங்கிலியையும் பார்த்தார்.

"இதெந்தா, காளயெ கெட்டியதோ?" காளையைக் கட்டியிருக்கிறீர்களா என்றார்.

"என்ன சொல்றான்?" என்றார் துரை.

"சங்கிலியப் பத்திக் கேக்கறாருங்க."

"அதைத்தான் நானும் கேக்கறேன். எப்படி ஓட்டணும்னு அவன் சொன்னான்? மறுபடியும் சொல்லச் சொல்லு."

நான் கடைக்காரரிடம் மலையாளத்தில் கேட்டேன். சரிவில் இதை எப்படி ஓட்டச் சொன்னீர்கள், துரை தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை தூரம் மலையேறி வந்தவர். "ஞான் விலங்ஙனெ என்னல்லே பறஞ்ஞது?" என்று, நான் அப்படித்தானே சொன்னேன் என்கிற மாதிரி, துரையையே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "விலங்ஙனெ. விலங்ஙனெ."

துரை முகம் மலர்ந்தது. "வெலங்கு" என்றார் அவரும், தலையை ஆட்டிக்கொண்டு.

"விலங்ஙனெ" என்றார் கடைக்காரர்.

"ஆமா, ஆமா, வெலங்கு." துரை என்னைப் பார்த்தார். "வெலங்குன்னுதானே சொல்றான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வராந்தாவிலிருந்து பட்லர் உட்பட. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாகப் பிரித்தெடுத்தேன்.

"அவரு சொல்றது 'விலங்ஙனெ'ன்னுங்க" என்றேன்.

அதில் எந்த எழுத்தும் பொய் இல்லை.

"அப்ப சரி" என்றார் துரை. "கம்பெனிக்காரனே சொல்றான். எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்." கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாகப் போகிறார் என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். மிஷின் நல்ல மிஷின் என்று சொல்கிறார் என்றேன். துரை பலமுறை அப்படிச் சொல்லியும் இருந்தார். கடைக்காரர் சமாதானமாகிவிட்டார். கெட்டுப்போவது எது என்று நான் கேட்டதை அன்றைக்குத்தான் மன்னித்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். என்ஜினைத் திறந்து, தகட்டைத் தீட்டி, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். விட்டுக்கொண்டே இடையிடையே மேலே பார்த்தார். அக்கா எழுந்து பெட்டியைச் சரிபண்ண முயன்று, காலை மடக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். அவர் அதையும் பார்த்தார். அவளுக்கு என்ன என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் எப்படியோ பேச வந்தது. கொழுந்து, மழை, முழங்கால், லயத்து வீடு, இந்த வேலை போனால் வீடும் போகும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். விலங்ஙனெ என்ற சொல்லைக் கார்டன்காரர் என்னவாகக் கேட்டார் என்பதையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார்.

"சங்ஙலெக்கும் எண்ண கொடுக்கணம்" என்றார். "அல்லெங்கில் துரும்பெடுக்கும்."

துருப்பிடித்துவிடுமாம். கண்ணி கண்ணியாகச் சங்கிலி முழுவதற்கும் எண்ணெய் விட்டார். மரத்தைச் சுற்றியிருந்ததற்கு விட்டார், மிஷினில் கட்டியிருந்த முனைக்கு விட்டார், கடைசியாக அக்காவின் மடியில் கிடந்ததற்கும் குனிந்து விட்டார். அவள் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஸ்டோரய்யா" என்றாள் அவர் தலை மறைந்ததும். "தொவச்ச சேலையெல்லாம் எண்ணெயாக்கிட்டுப் போறாரே இந்த மனுசன்."